சாமியே ஐப்பசியிலதான் தாலி கட்டுதாரு

வா எய்யா, இங்ஙன திண்ணையில உக்காரு. போனை அணைச்சிராத, அந்தப் போட்டோவை இன்னொரு தடவ காட்டு. ஆகா! ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் மலை, நடுவுல எலுமிச்சந் தோப்பு. இத்தாலியா? நல்ல ஊருதான். நான் குறுக்க நிக்கமாட்டேன். உங்க அப்பன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான், அவன் கெடக்கான். வெளிநாட்டுல போயித்தான் கல்யாணம் பண்ணணுமான்னு 2023 நவம்பர்ல ‘மனதின் குரல்’ல பிரதமரே கேட்டுட்டாரு. நான் கேக்கமாட்டேன். உன் கல்யாணம், உன் காசு. எந்த மாசத்துல வச்சா அங்க சீசன் நல்லாருக்கும்னுதான கேட்ட? அதைக் கூகுள்ட்ட கேக்காம எங்கிட்ட கேட்டியே, அங்கதான் நீ என் பேரன்.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்க. நம்ம திருநெல்வேலி டவுண்காரன்கிட்ட சீசன்னு சொன்னா அவனுக்குக் குத்தாலம் ஒண்ணுதான் தெரியும். ஆனி பொறந்து, மேகாத்து வீசி, சாரல் மூஞ்சில பட்டா சீசன். அருவியில தண்ணி விழலைன்னா சீசன் இல்ல. எங்க படிப்பு அம்புட்டுத்தான். அதனால நேத்து ராத்திரி பாம்புப் பஞ்சாங்கத்தை மடியில வச்சிக்கிட்டு, உன் தங்கச்சியைப் போன்ல பாத்துச் சொல்லச் சொல்லி, ரெண்டு பேருமா மாசம் மாசமா கணக்குப் போட்டோம். பிள்ளை கெட்டிக்காரி. பதினோரு மணி வரைக்கும் தூங்காம சொன்னா.

மொதல்ல ஜூலை, ஆகஸ்ட். அங்க ஒரு சொட்டு மழை கிடையாதாம். வானம் தொடச்சி விட்ட மாதிரி இருக்குமாம். போட்டோக்காரனுக்குக் கொண்டாட்டம். நமக்கு அது ஆடி. ஆடியில பொண்ணு கொடுக்கவா? உங்க ஆச்சி காதுல விழுந்தா மாடத்துல இருக்க விளக்கு பறந்து வரும். சரி, ஆடியை விடு, சூட்டைப் பாப்போம். 2021 ஆகஸ்ட் 11-ல சிசிலித் தீவுல 48.8 டிகிரி அடிச்சிருக்கு. ஐரோப்பாவுலயே அதுக்கு முந்தி அம்புட்டு வெயில் பதிவானது இல்லையாம். நம்ம பாளையங்கோட்டையில அக்னி நட்சத்திரத்துல நாப்பதைத் தொட்டாலே பதநீர்க்காரரைத் தெய்வம்னு கும்பிடுதோம். அந்த வெயில்ல அந்தப் பிள்ளைக்குப் பட்டுப்புடவை கட்டி, தலையில ஒரு முழம் அல்ல ஒம்பது முழம் பூ வச்சி, ஓமப்புகை முன்னால உக்கார வச்சா, தாலி கட்டுததுக்கு முந்தி தண்ணி தெளிக்க வேண்டியிருக்கும்.

ஓமம்னு சொன்னதும் ஞாபகம் வருது. 2023 ஜூலையில கிரேக்க நாட்டு ரோட்ஸ் தீவுல காட்டுத்தீ பத்தி, ஒரு பத்தொம்பதாயிரம் பேரை ஊரை விட்டுக் கிளப்பியிருக்காவ. டூருக்கு வந்தவன் பெட்டியத் தலையில வச்சிக்கிட்டுக் கடற்கரைக்கு ஓடியிருக்கான். அந்த மாதிரி ஊர்ல போயி நம்ம அய்யரு நெய்யை ஊத்தி ஜுவாலையை எழுப்புனா, அட்சதைக்கு முந்தி தீயணைப்பு வண்டி வந்து நிக்கும்லா?

இன்னொரு கூத்து கேளு. அந்தக் கிரேக்கத் தீவுகள்ல ஜூலை ஆகஸ்ட்ல வடக்கேருந்து ஒரு காத்து வீசுமாம். மெல்டெமின்னு பேரு. குடை, நாற்காலி எல்லாத்தையும் தூக்கி எறியுமாம். உன் தங்கச்சி வாசிக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அம்மியைப் பறக்க வைக்க அவனுக்கும் ஒரு ஆடிக்காத்து இருக்கு, பேருதான் வேற. ஆனா அந்த யவனன் இருக்கான பாரு, காத்தை வச்சிக் காசு பண்ணத் தெரிஞ்சவன். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி, நம்ம ஆடி வாக்குல எகிப்துக் கரையில பாய் விரிச்சி, மேகாத்தை முதுகுல வாங்கிக்கிட்டு இந்தப் பக்கம் வந்து, மிளகும் முத்தும் ஏத்திக்கிட்டு, மார்கழி தையில காத்து திரும்பவும் ஊருக்குத் திரும்பிருவான். நம்ம தாமிரபரணி கடல்ல விழுத எடத்துல இருந்த கொற்கை முத்தைப் பத்தி அவன் எழுதியே வச்சிருக்கான். ரோமாபுரிப் பொன்னெல்லாம் வருசா வருசம் இந்தியாவுக்குப் போவுதேன்னு பிளினின்னு ஒரு பெரிய மனுசன் வயிறெரிஞ்சிருக்காரு. அவருக்கு இப்பத்தான் மனசு ஆறும். நீ போயி எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துட்டு வரப்போறேல்லா.

சரி, ஆடி போச்சி. செப்டம்பர்? அதுதான் அங்க தங்கமான மாசமாம். வெயில் தணிஞ்சி, கடல்தண்ணி வெதுவெதுன்னு, கூட்டமும் கொறஞ்சி இருக்குமாம். எனக்கே ஆசையாத்தான் இருந்துது. பஞ்சாங்கத்தைத் திருப்புனேன். பாதி மாசம் தாண்டுனா புரட்டாசி. பெருமாளுக்கு விரதம் இருக்க மாசத்துல பந்தி போட்டா ஒருத்தன் இலையில உக்காருவானால? முன்பாதி ஆவணி முகூர்த்தம் இருக்கேன்னு கேப்ப. இருக்கு. அங்க ஓட்டல்காரனும் இருக்கான், அந்த நாளுக்கு உலகத்துல உள்ளவன் பூரா அவன் வாசல்லதான் நிப்பான்.

இப்ப அக்டோபர், நவம்பர், டிசம்பர். இங்கதான் எனக்குத் தூக்கம் போச்சி. மத்தியதரைக் கடல் ஊர்கள்ல பொதுவா கோடை காஞ்சி கெடக்குமாம், மழையெல்லாம் ஐப்பசி, கார்த்திகையில ஆரம்பிச்சிப் பனிக்காலத்தோட வருமாம். ‘எட்டி, நல்லாப் பாத்துச் சொல்லு’ன்னேன். திரும்பவும் அதையேதான் சொன்னா. ஏல, இது நம்ம ஊர்லா! மேகாத்து மழையைப் பொதிகை மலை தடுத்து வாங்கிக்கிடுது, நமக்குச் சாரலோட சரி. டவுண்ல குடை விரிக்கதே ஐப்பசிக்குப் பொறவுதான். அங்கயும் அதே கதை. பனி ஒண்ணுதான் கூடுதல். ஆறேழாயிரம் கிலோமீட்டர் பறந்து போயி, அதே ஐப்பசி அடைமழையில நனையதுக்கா பாஸ்போர்ட்டு?

கணக்கைப் பாரு. 1992 நவம்பர் 13, ஐப்பசிக் கடைசி, தாமிரபரணியில வந்த வெள்ளத்தை இன்னைக்கும் ஆத்தங்கரை ஆளுக சொல்லி அழுவாவ. 2019 நவம்பர் 12, அதே ஐப்பசிக் கடைசி, வெனிஸ் நகரத்துல கடல் ஓதம் 187 சென்டிமீட்டருக்கு ஏறி, சர்ச்சுக்குள்ள தண்ணி. ரெண்டு ஊருக்கும் ஒரே ஜாதகம் போல. 2023-ல மார்கழி பொறக்கவும் வானம் பிய்க்கவும் சரியா இருந்துது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை. நம்ம ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு தெப்பக்குளமா ஆச்சி. குறுக்குத்துறை முருகன் ஆத்துக்கு நடுவுலயே வீடு கட்டிக் குடியிருக்கவரு. வெள்ளம்னா உற்சவரு கரையில மேலக்கோயிலுக்கு ஏறிருவாரு, வடிஞ்சதும் எறங்கிருவாரு. மூஞ்சில ஒரு கோபம் பாத்திருக்கியா?

பெரிய எடத்துக்காரவ அந்த மாசத்துலதான பண்ணுதாவன்னு நீ எதுத்துக் கேப்ப, தெரியும். கோலி 2017 டிசம்பர் 11-ல டஸ்கனியில. தீபிகா படுகோனே 2018 நவம்பர் 14, 15-ல கோமோ ஏரிக்கரையில. தேதியைக் கவனிச்சியா? ஒண்ணு கார்த்திகைக் கடைசி, இன்னொண்ணு ஐப்பசிக் கடைசி. அவியளே மார்கழிக்கு முந்திக்கிட்டாவ, கேட்டியா! அவிய ஷெர்வானி போட்டு, மேல சால்வை போத்தி நிப்பாவ. நம்ம வழக்கப்படி நீ சட்டையைக் கழட்டி, ஒத்தைத் துண்டோட மணையில உக்காரணும். பல்லு தந்தி அடிக்கும்போது மந்திரம் எப்படிச் சொல்லுவ?

அப்ப மழைக்குப் பயந்துதான் ஊரை மாத்துதியான்னு ஒரு வார்த்தை கேக்கேன், தப்பா நெனைக்காத. இந்த ஊருக்கு ஏன் திருநெல்வேலின்னு பேரு வந்துது? வேதபட்டர் சாமிக்கு நைவேத்தியம் பண்ண நெல்லைக் காயப்போட்டுட்டு ஆத்துக்குக் குளிக்கப் போனாரு. மழை கொட்டிட்டு. ஐயோ நெல்லுன்னு ஓடி வந்து பாத்தா, சுத்தி வெள்ளம், நெல்லு மட்டும் வேலி போட்ட மாதிரி காஞ்சி கெடக்கு. ஊர்ப் பேரே மழையைச் சமாளிச்ச கதைதான். நெல்லுக்கு வேலி போட்டவரு உன் போட்டோக்காரன் கேமராவுக்கு ஒரு குடை பிடிக்கமாட்டாரா?

அவரு மட்டும் என்ன, சீசன் பாத்தா கல்யாணம் பண்ணுனாரு? காந்திமதி அம்மைக்கும் நெல்லையப்பருக்கும் திருக்கல்யாணம் வருசா வருசம் ஐப்பசியில. அடைமழை மாசத்துல! நீங்க டெஸ்டினேஷன்னு சொல்லுதியளே, அதுவும் அவியளுக்கு உண்டு. அம்மை கோயிலை விட்டுக் கிளம்பிக் கம்பை நதிக் காட்சி மண்டபத்துக்குத் தவம் இருக்கப் போவா. சாமி அங்க போயிக் காட்சி கொடுப்பாரு. எங்க இருக்கு அந்த மண்டபம்? டவுணுக்குள்ளயேதான். இந்த முட்டி வலியோட நானே நடந்து போயிருவேன். தாரை வாக்கதுக்கு அண்ணன் நெல்லை கோவிந்தரு அதே கோயிலுக்குள்ள பக்கத்துலயே இருக்காரு. விசா, டிக்கெட்டு ஒண்ணும் இல்ல.

விசான்னதும் பயம் வந்துட்டு. தலைக்குத் தொண்ணூறு யூரோவாம், நம்ம காசுக்கு எட்டாயிரத்துக்குக் கொறையாது. போறதுக்கு ஆறு மாசத்துக்கு முந்தி மனுவே வாங்கமாட்டானாம். அதுவாவது போவட்டும், பத்து விரல் ரேகையும் வேணும்கான். உங்க பெரிய தாத்தா கையைப் பாத்திருக்கியா? அறுவது வருசம் மம்பட்டி பிடிச்ச கை. ரேகை தேஞ்சி, ரேஷன் கடை மிஷினே அவரை ஆளுன்னு ஒத்துக்கிட மாட்டேங்கு. பாமாயில் கொடுக்காத மிஷினு இத்தாலிக்கா விடப்போவுது?

முகூர்த்தம் வேற இருக்கு. காலையில ஆறு மணியிலேருந்து ஏழரைக்குள்ளன்னு நம்ம ஜோசியர் குறிச்சிக் கொடுத்தா, அங்க ராத்திரி ரெண்டரை. வேண்டாம், சூரியன் மறையும்போது கட்டுதேன்னா, ஜூன்ல அங்க ஒம்பது மணிக்குத்தான் மறையுமாம். இங்க நடுராத்திரி பன்னெண்டரை. ஆச்சி போன்ல பாப்பாளா, கொறட்டை விடுவாளா?

எல்லாம் தள்ளிட்டு வந்தா மிச்சம் வைகாசி ஒண்ணுதான். அங்க மே பாதியிலேருந்து ஜூன் வரைக்கும் பெரிய மழையும் கெடையாது, பெரிய சூடும் கெடையாது, பூவெல்லாம் பூத்துக் கெடக்குமாம். இங்கயும் முகூர்த்தம் உண்டு. முன்பாதின்னா பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் தொறந்திருக்காது. கார் சாகுபடிக்குப் பாபநாசத்துல தண்ணி தொறக்கதுக்கு முந்தி பெரிய தாத்தாவுக்கும் வயல் வேலை இல்ல. ஆக, வைகாசின்னு முடிச்சிரு. நான் சொன்னேன்னு தைரியமா சொல்லு.

சொதிக்கு என்ன பண்ணப் போறன்னு மட்டும் யோசிச்சிக்க. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குச் சொதி வைக்காட்டா பொண்ணு வீட்டுக்காரனை இந்த ஊர்ல மனுசன்னு மதிப்பாவளா? பொண்ணு கோயம்புத்தூர்ப் பக்கம், அவியளுக்குத் தெரியாது, நாமதான் சொல்லிக் கொடுக்கணும். தேங்காயில மூணு பால் எடுத்து, மூணாம் பால்ல காயை வேக வச்சி, பாசிப்பருப்பு சேத்து, மொதப்பாலைக் கடைசியில ஊத்தி, கொதிக்க விடாம எறக்கி, எலுமிச்சம்பழம் பிழிஞ்சி, இஞ்சித் துவையலோட வைக்கணும். எலுமிச்சைக்கு அங்க பஞ்சமில்ல, ஒத்துக்கிடுதேன். முருங்கைக்காய்க்கு எங்க போவ? சிசிலியில பலெர்மோன்னு ஒரு ஊர்ல ஈழத்து ஆளுக நெறய பேர் இருக்காவளாம். மலைமேல இருக்க ரொசாலியா மாதா கோயிலுக்கு நம்ம சைவத் தமிழனும் நேர்ந்துக்கிட்டு ஏறுதானாம். தமிழன் இருக்க எடத்துல முருங்கைக்காய் இல்லாமப் போவாது. அங்க வேணா விசாரி.

என்னைப் பத்திக் கவலைப்படாத. நான் வரலை. கைலாசத்துல சிவன் கல்யாணத்துக்கு எல்லாரும் போயி வடக்கு தாழ்ந்து தெக்கு தூக்குனப்ப, அகத்தியரைத்தான பொதிகைக்கு அனுப்பிச் சமன் பண்ணுனாவ? நீங்க எல்லாரும் இத்தாலிக்குப் போனா டவுண் மேல தூக்கிரும். ஒரு ஆளு இங்ஙன உக்காரணும். நானும் குட்டைதான், வேஷம் பொருத்தமா இருக்கும்.

ஆனா அகத்தியரைச் சாமி ஏமாத்தலை, பாத்துக்க. பாபநாசத்துக்கு நேர்ல வந்து, கல்யாணக் கோலத்துலயே காட்சி கொடுத்தாரு. இன்னைக்கும் சித்திரை விசுத் திருவிழாவுல அது நடக்கு. அருவிக்கு மேல கல்யாண தீர்த்தம்னு ஒண்ணு இருக்கே, சும்மாவா பேரு வச்சாவ? நீயும் அதே மாதிரி மாலையும் கழுத்துமா வந்து எனக்கு ஒரு காட்சி கொடுத்திரணும். வெறுங் காட்சின்னா நல்லாருக்காது, நாலு பேரு சாப்பிடணும். நாலு பேருன்னா நானூறு.

அதுக்குன்னு பெருசா ஒண்ணும் பண்ணலை. வைகாசிக் கடைசி முகூர்த்தத்துக்கு ரத வீதியில ஒரு மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்திருக்கேன். தேங்காய்க்குச் சொல்லியாச்சி. வாகையடி முக்குல வச்சிச் சமையக்காரரையும் பாத்துப் பேசியாச்சி. அவருதான் நோட்டை விரிச்சி, ‘அண்ணாச்சி, என்னன்னு எழுத, ரிசப்ஷனா, கல்யாணமா?’ன்னு கேட்டாரு.

‘இப்ப ஒண்ணும் எழுதாதயும் வே, எடத்தை விட்டு வையும்’னு சொல்லிட்டு வந்திருக்கேன்.