இறங்குமுகத்து மாஸ்டர்

யாழ்ப்பாணத்தில் மாஸ்டர் பட்டம் எடுப்பது பெரிய காரியமில்லை. ஓ.எல். பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தால் போதும். ரியூட்டறி வாசலில் சைக்கிளை நிறுத்துகிற அன்றைக்கே ஒருவர் மாஸ்டர் ஆகிவிடுவார். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்கிற நாள்வரை மாஸ்டராகவே இருப்பார். உலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடே இந்த விஷயத்தில் கொஞ்சம் கைச்சிக்கனம். அங்கே ஆகக் கடைசியில் இருக்கும் கண்டிடேற் மாஸ்டர் பட்டத்துக்கே 2200 ரேற்றிங் வேண்டும். நம்முடைய மாஸ்டரிடம் முதலாவது பட்டம் இருபது வருஷமாக இருக்கிறது. இரண்டாவதற்கு இன்னும் 630 புள்ளிதான் தேவை.

இவரை எல்லோருக்கும் தெரியும். கொக்குவிலில் ஒருவர் இருக்கிறார், நெல்லியடியில் ஒருவர், சாவகச்சேரியில் இரண்டு பேர். சேட்டுப் பையில் இரண்டு பேனை, சைக்கிள் கூடையில் சுருட்டிய ரெக்சீன் பலகை. “என்ன மாஸ்டர், விளையாட்டு எப்பிடிப் போகுது?” என்று சந்தியில் யாராவது கேட்டால், “இப்ப கொஞ்சம் டவுண்” என்பார். அந்த ‘இப்ப’ 2022 இல் தொடங்கியது.

டவுணுக்குக் காரணம் கேட்டால் பஞ்சமில்லை. மண்டபத்து மின்விசிறி கிறீச்சிட்டது. வெளிச்சம் பின்பக்கமிருந்து விழுந்ததில் தன் நிழலே பலகையில் விழுந்து ராணியை மறைத்தது. எதிரில் இருந்த பொடியன் மிக்சர் பைக்கற்றைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடலையாக எடுத்தான். சோவியத் சம்பியன் பொத்வினிக் புகைக்குப் பழகுவதற்காக நண்பர் ரகோசினை முகத்தில் சிகரெட் புகை ஊதச் சொல்லிப் பயிற்சி ஆட்டம் ஆடியவர். மாஸ்டருக்கு அந்தச் செலவில்லை, பக்கத்து வளவில் பின்னேரம் தோறும் குப்பை கொளுத்துகிறார்கள். ஆனால் மிக்சருக்குப் பழக்கித் தர இந்தப் பக்கத்தில் ஒரு ரகோசின் கிடைக்கவில்லை.

அவரை உண்மையாகவே நோகச் செய்தது ஒரு பெட்டைப்பிள்ளை. 2022 இல் அவளுக்கு ஒன்பது வயது. கால் நிலத்தில் படாது. மாஸ்டரின் ரேற்றிங் அப்போது 1620, பிள்ளையினது 1220. ஆட்டம் முடிந்ததும் கை கொடுத்துவிட்டு, வேப்பமரத்தடியில் சாப்பாட்டுப் பெட்டியோடு நின்ற தாயிடம் ஓடிவிட்டாள்.

தோற்றது ஒரு பக்கம். கணக்கு மாஸ்டரை நித்திரை கொள்ளவிடாமல் செய்தது அதன் பிறகு வந்த கணக்கு. 400 புள்ளி வித்தியாசத்தில் மேலே நிற்பவர் நூற்றுக்கு 92 பங்கு எடுக்கவேண்டும் என்பது ஃபிடே வாய்ப்பாடு. மாஸ்டர் போன்ற பழைய ஆட்களுக்குப் பெருக்கற்காரணி 20. ஆகவே அவர் இழந்தது 18.4. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட, 2300ஐத் தாண்டாத பிள்ளைகளுக்குக் காரணி 40. ஆகவே அவள் எடுத்தது 36.8. “என்னட்டையிருந்து போனது பதினெட்டுச் சொச்சம். மிச்சப் பதினெட்டும் எங்கையிருந்து வந்தது?” இந்த முறையைக் கண்டுபிடித்த ஆர்பட் ஈலோ, மில்வோக்கியில் பௌதிகம் படிப்பித்த பேராசிரியர். பௌதிகம் படிப்பித்த மனுசன் சக்திக் காப்பு விதியை எப்படி மறந்தார் என்று மாஸ்டர் மூன்று மாதம் கேட்டுக்கொண்டு திரிந்தார். காரணிகளை வயதுவாரியாகப் பிரித்தது பின்னாளில் ஃபிடேதான் என்று ஒருவர் விளக்கம் சொன்னார். அதற்குப் பிறகு மாஸ்டர் அவரோடு கதைப்பதில்லை.

மாஸ்டரின் பக்கம் கொஞ்சம் நியாயமும் உண்டு. கொரோனாக் காலத்தில் சுற்றுப்போட்டிகள் நின்றன, ரேற்றிங்கும் உறைந்து நின்றது. பிள்ளைகள் நிற்கவில்லை. வீட்டிலிருந்து இன்ரநெற்றில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடித் தள்ளினார்கள். மண்டபங்கள் திறந்தபோது 1200 என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு 1600 பலத்தோடு வந்து இருந்தார்கள். இது யாழ்ப்பாணத்துப் பிரச்சினை மட்டுமல்ல. உலகமெங்கும் நடுவயதுக்காரர் புள்ளிகளைப் பறிகொடுத்தார்கள். கடைசியில் ஃபிடேயே இறங்கிவந்து, 2024 மார்ச் 1 ஆம் திகதி, 2000க்குக் கீழே நின்ற எல்லோருக்கும் ஒரு தடவை மட்டும் ஏற்றிக்கொடுத்தது. 2000இலிருந்து எவ்வளவு குறைவோ, அதில் நூற்றுக்கு நாற்பது.

அதற்குள் 1420க்கு வந்திருந்த மாஸ்டருக்கு அன்று காலை 232 புள்ளி கூடி 1652 ஆனது. வீட்டில் பாயாசம். ரியூட்டறியில் அரை மணித்தியாலம் முன்னதாகவே வகுப்பை விட்டார். ‘திரும்பி வந்திட்டன்’ என்று கனடாவில் இருக்கும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போனது. பின்னேரம்தான் யாரோ ஒரு பாவி அந்தப் பெட்டைப்பிள்ளையின் பக்கத்தைத் திறந்து காட்டினான். அவள் 1500இல் நின்றவள், 200 கூடி 1700.

மனைவி சாத்திரியாரிடம் போனார். ஏழரைச் சனி என்றார் அவர். அந்த வருஷம் புரட்டாதிச் சனி ஒன்றுவிடாமல் மாஸ்டர் கோயிலில் எள்ளுப் பொட்டலம் எரித்தார். நாலாவது சனிக்கிழமை எள்ளெண்ணெய் வாசத்தோடு நேரே போட்டிக்குப் போய், பதினெட்டாவது நகர்த்தலில் குதிரையைச் சும்மா விட்டார்.

குதிரை விடுகிற பழக்கத்துக்கு அவர் சொல்லும் காரணம் பழையது. 1990களின் முதற்பாதியில் குடாநாட்டில் மின்சாரம் கிடையாது. ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு, அதே விளக்கில்தான் செஸ். 1995 ஒக்ரோபர் 10 அன்று நியூயோர்க்கில் உலகப் பட்டப் போட்டியில் கஸ்பரோவிடம் ஆனந்த் தோற்றார். ஒன்பதாவது ஆட்டத்தை வென்று முன்னுக்கு வந்தவர், அடுத்த ஐந்தில் நாலைக் கோட்டைவிட்டார். பதினெட்டு வயது மாஸ்டர் அந்த ஆட்டங்களைக் கொப்பியில் எழுதி ஆடிப் பார்ப்பதற்குள் அதே மாதம் 30 ஆம் திகதி வலிகாமம் முழுக்கப் போரில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தது. சனத்தோடு சனமாக, மழையில், நாவற்குழிப் பாலம். காய்ப்பெட்டி வாய் திறந்து ஒரு வெள்ளைக் குதிரை அங்கே எங்கோ விழுந்தது. அந்தப் பெட்டி இன்றும் இருக்கிறது. குதிரையின் இடத்தில் ஒரு சோடா மூடி. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிப்பதில்லை, கேட்பவர்களும் சிரிப்பதில்லை.

மீண்டெழுவதற்கு அவரிடம் முன்னுதாரணங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. தேத்தண்ணிக் கடை வாங்கில் இருந்தால் அவிழ்ப்பார். 1935 இல் மாக்ஸ் ஏவேயிடம் பட்டத்தைப் பறிகொடுத்த அலெக்கின், குடியை விட்டுப் பால் குடித்து 1937 இல் திருப்பி எடுத்தார் என்று செஸ்காரரிடையே ஒரு கதை உண்டு. மாஸ்டர் குடிப்பவரல்ல, விடுவதற்கு ஒன்றும் இல்லாதபடியால் தேத்தண்ணியை விட்டு ஆட்டுப்பாலில் இறங்கினார். அடுத்த போட்டியில் அவர் பலகையில் இருந்த நேரத்தைவிடக் கக்கூசில் இருந்த நேரம் கூட.

ஆனந்தின் கதைதான் அவருக்கு மந்திரம். 2013 நவம்பரில், வளர்ந்த சென்னையிலேயே, ஒரு ஆட்டம்கூட வெல்லாமல் கார்ல்சனிடம் 3.5–6.5 என்று பட்டத்தை இழந்தார். ஓய்வெடுக்கச் சொன்னார்கள். கார்ல்சனுக்கு அடுத்த எதிராளியைத் தெரிவுசெய்யும் கண்டிடேற்ஸ் போட்டிக்குப் போவதா என்று அவரே தயங்கினார். பழைய எதிரி கிராம்னிக்தான் போகச் சொல்லி ஊக்கம் கொடுத்தார். 2014 மார்ச்சில் சைபீரியாவின் கான்டி மான்சீஸ்கில் முதற்சுற்றிலேயே அரோனியனை வென்று, பதினாலு ஆட்டத்தில் ஒன்றும் தோற்காமல் 8.5 எடுத்து முதலாவதாக வந்தார். மூன்று வெற்றி, பதினொரு சமநிலை. இந்த இடத்தில் மாஸ்டர் குரலைத் தாழ்த்தி, “நாப்பத்தெட்டு வயசில, றியாத்தில...” என்பார். 2017 டிசம்பர் கதை அது. லண்டனில் அடிவரிசையில் முடித்துவிட்டுப் போனவர் அதே மாதம் உலக ரப்பிட் சம்பியன் ஆனார். மாஸ்டருக்கும் இப்போது நாற்பத்தெட்டு.

போன வருஷம் கட்டில் இன்னொன்று சேர்ந்தது. 2025 ஓகஸ்டில் சென்னையில் கிராண்ட்மாஸ்டர் வைஷாலி தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றார். ஏழு! சமர்கண்டில் நடக்கவிருந்த கிராண்ட் சுவிஸ் போட்டிக்குப் போகாமல் விடலாம் என்றுகூட நினைத்தவர், போய், செப்டெம்பரில் அதை வென்றுகொண்டு வந்தார். அங்கே பொதுப் பிரிவில் ஆடிய உலகச் சம்பியன் குகேஷ் அடுத்தடுத்து மூன்று ஆட்டம் தோற்றார். “பாத்தீங்களோ, ஆருக்கும் வரும்” என்று வாங்கில் தட்டிச் சொல்வார் மாஸ்டர். ஆருக்கும் வரும்தான். அவர்கள் தோற்ற ஆட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு மினக்கெடுவார்கள் என்ற பகுதி மட்டும் மாஸ்டரின் கதையில் வராது.

அதற்குச் சாட்சி அவருடைய பைல். போட்டியில் நகர்த்தல் எழுதும் தாளில் இரண்டு பிரதி; மேலது நடுவருக்கு, கீழது ஆட்டக்காரருக்கு. வென்ற ஆட்டத்தின் பிரதிகளை 1998 இலிருந்து துளை போட்டு நூல் கட்டி வைத்திருக்கிறார். தோற்ற ஆட்டத்தின் பிரதி சைக்கிள் கூடையில் வீடுவரை வரும். பிறகு மனைவி அதில் கடுகு மடித்து வைப்பார்.

இரவில் வேறொரு மாஸ்டர். பகல் தோல்விக்கு வைத்தியம் தொலைபேசியில் மூன்று நிமிஷ ஆட்டம். ஒன்று வென்றால் படுக்கலாம் என்று பத்து மணிக்குத் தொடங்குவார். ஒன்று தோற்பார், அதை எடுக்க இன்னொன்று, அந்த இரண்டையும் எடுக்க மூன்றாவது. “இஞ்சருங்கோ, மணி ரெண்டு” என்று அறைக்குள்ளிருந்து குரல் வரும்போது எதிரில் ரொறன்ரோவிலிருந்து யாரோ பின்னேரத் தேத்தண்ணியோடு ஆறாவது தடவையாக அவரை மேற் பண்ணிக்கொண்டிருப்பார்கள்.

இதற்கெல்லாம் பதிலாகச் சீட்டில் 304 அடிக்க வரச்சொல்லி சனசமூக நிலையத்தில் கூப்பிட்டார்கள். ஒருநாள் போனார். ஜாக்குக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது, ராசாவுக்கு வெறும் மூன்று, ராணிக்கு இரண்டு. “ராசாவுக்கு மூண்டோ?” என்று எழும்பியவர் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

இந்த வருஷம் ஒரு பாடசாலை மண்டபத்தில் இரண்டு நாள் போட்டி. ஆளுக்குத் தொண்ணூறு நிமிஷமும் நகர்த்தலுக்கு முப்பது விநாடியும். 1570க்குச் சறுக்கிவிட்ட மாஸ்டருக்கு இரண்டாம் சுற்றில் அதே பெட்டைப்பிள்ளை. இப்போது கால் நிலத்தில் படுகிறது. இருபதாவது நகர்த்தலில் மாஸ்டர் ஒரு காய் மேலே. இருபத்திரண்டாவதில் ஒரு காய் கீழே. முடிந்தது.

வழக்கம்போலப் பிரதியைக் கசக்கிக்கொண்டு எழும்பியவரை அவள் விடவில்லை.

“மாஸ்டர், கோவிக்காதேங்கோ, ஒரு விசயம் காட்டட்டோ?”

அவளுடைய கொப்பியில் மாஸ்டரோடு ஆடிய மூன்று ஆட்டமும் இருந்தது. ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பக்கத்திலும் கடிகாரத்தில் மிஞ்சிய நேரம், பென்சிலில். மூன்று பக்கத்திலும் ஓரிடத்தில் ஒரு சின்ன வட்டம்.

“இது என்ன பிள்ளை?”

“அது நீங்கள் எழும்பிப் போன இடம். வட்டத்துக்கு முதல் ஒவ்வொண்டுக்கும் மூண்டு நாலு நிமிசம் யோசிச்சிருக்கிறியள். போட்டு வந்து இருந்த உடன பத்துச் செக்கனில காயைத் தூக்கியிருக்கிறியள். மூண்டிலயும் அந்தக் காய்தான் போச்சு.”

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் எழும்பிப் போனது எங்கே என்று அவளுக்குத் தெரியாது. மண்டபத்தில் மற்ற எல்லோருக்கும் தெரியும். காய் மேலே வந்ததும் கதவடிக்குப் போவார். அங்கே நிற்கும் கூட்டாளிகள் புருவத்தை உயர்த்துவார்கள். மாஸ்டர் உள்ளங்கையை விரித்துக் கவிழ்த்துக் காட்டுவார்: கேம் முடிஞ்சுது. இந்த அறிவிப்பை முடித்துக்கொண்டு கதிரைக்கு வருபவருக்கு, முடிந்த கேமில் யோசிக்க என்ன கிடக்கிறது?

அன்று இரவு தொலைபேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டார். கடுகுச் சரைகள் நாலைந்தை அவிழ்த்து, கடுகைப் போத்தலில் கொட்டி, தாளை நீவி மேசையில் வைத்தார். சோடா மூடிக் குதிரையோடு விடிய ஒரு மணிவரை இருந்தார். மனைவி திரும்பவும் சாத்திரியாரிடம் போகலாமோ என்று யோசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை எதிரில் 1770 ரேற்றிங் பொடியன். மாஸ்டர் மூன்றேகால் மணித்தியாலம் கதிரையை விட்டு அசையவில்லை. நடுவர் இரண்டு தரம் வந்து, “சுகமா இருக்கிறியளோ மாஸ்டர்?” என்று கேட்டார். ஆட்டம் சமநிலை. 5.2 புள்ளி. பிரதி பைலுக்குள் போகவில்லை, கடுகுக்கும் போகவில்லை, சேட்டுப் பைக்குள் போனது.

அடுத்த போட்டி பள்ளிக்கூட விடுமுறையில். பார்க்க வருபவர்களிடம் ஒரு விண்ணப்பம்: வாருங்கள், பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுங்கள், வேப்பமரத்தடியில் இருந்து கதையுங்கள். கதவடியில் நின்று மாஸ்டரைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தாதீர்கள்.