பிள்ளையைப் போனிடம் ஒப்படைப்பது எப்படி?

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். கொழும்பில் அப்பா அம்மா வீட்டிலிருந்தபடி பிள்ளைகளோடு மல்லுக்கட்டினார்கள். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. ஊரடங்கிலும் தேயிலைக் கொழுந்து துளிர்த்தது, மலைக்குப் போகவேண்டியிருந்தது. பிள்ளை போனோடு இருந்தது. அடுத்த நோய் வரும்போது தடுமாறாமலிருக்க, ஹட்டன், நுவரெலியா பக்கத்துப் பெற்றோருக்காக எழுதி வைக்கிறேன்.

1. "ஒன்லைன் கிளாஸுக்கு" என்று சொல்லிப் போன் வாங்குங்கள். தோட்டை அடகு வைத்தாலும் பரவாயில்லை. அந்தக் காரணத்துக்கு லயத்தில் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள்.

2. பாஸ்வேர்டைப் பிள்ளையே போடட்டும். உங்களிடம் சொல்லவேண்டியதில்லை.

3. தோட்டத்தில் நாள் சம்பளம் 1000 ரூபாய் என்று 2021 மார்ச்சில் வர்த்தமானி வந்தது. கைக்கு வருவது முழுப் பேர்ச் சம்பளமோ அரைப் பேர்ச் சம்பளமோ, முதலில் ரீலோட், பிறகு மாவும் பருப்பும். ஆசிரியர் பாடக் குறிப்பைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவார். அதை இறக்க எவ்வளவு டேட்டா போகும்? மிச்சத்தை வீணாக்கலாமா? ஃப்ரீ ஃபயர் இருக்கிறது, டிக்டொக் இருக்கிறது.

4. லயத்துக்குள் சிக்னல் நிற்காது. ஆகவே பிள்ளை மேட்டுக்கு ஏறும், பாறைமேல் குந்தும். "என்னா அக்கறையாப் படிக்கிறான் பாருங்க" என்று பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். ஏறிப்போய் எட்டிப் பார்த்துவிடாதீர்கள். அட்டை கடித்து ரத்தம் வழிவதுகூடத் தெரியாமல் திரையைப் பார்க்கிறான் என்றால், பாடம் அவ்வளவு கஷ்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

5. கைக்குழந்தையை மறக்கவேண்டாம். இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, நான்கு வயதுவரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அவர்கள் விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடியவர்களா? ரொட்டியைப் பிய்க்கும் முன்பே கார்ட்டூனைப் போடுங்கள். வாய் தானாகத் திறக்கும்.

6. கொரோனா என்று பிள்ளையை மைதானத்துக்கு விடாதீர்கள். ஒரே போனைச் சுற்றி ஏழு தலைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் தடுக்காதீர்கள்.

7. மேற்பார்வைக்கு, கொழும்புக் கடை மூடி ஊருக்குத் திரும்பிய மாமாவை வையுங்கள். ஃப்ரீ ஃபயரை இறக்கிக் கொடுத்ததே அவர்தான்.

8. கண்டிப்பும் வேண்டும். "போன வையிடா!" என்று கத்துங்கள். சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தவேண்டும், அதுதான் முக்கியம்.

9. 2021 ஒக்டோபர் 21ஆம் திகதி, 200 பேருக்கும் குறைந்த பள்ளிக்கூடங்களில் ஆரம்ப வகுப்புகளை முதலில் திறந்தார்கள். பலர் சறுக்கியது இங்கேதான். கிளாஸ்தான் திறந்துவிட்டதே என்று போனைத் திருப்பிக் கேட்டார்கள். நீங்கள் கேட்காதீர்கள். யாராவது விசாரித்தால் "இனிமே டியூஷனுக்கு" என்று சொல்லுங்கள்.

வேறு சந்தேகமிருந்தால் பிள்ளையிடமே கேளுங்கள். ஆட்டம் முடிந்ததும் பதில் சொல்லும்.