‘நெட் வருதே சார்!’: அப்டேட் இறங்காமை குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்: அலுவலகக் கணினியில் யூடியூப் ஓடுகிறது, அப்டேட் மட்டும் இறங்க மறுக்கிறது. ஏன்?

முன்னாய்வுகள்: அறிஞரிடையே மூன்று கொள்கைகள் நிலவுகின்றன. ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க’ என்பது மறுபிறவிக் கொள்கை. ‘இன்னைக்கு நெட் ஸ்லோ’ என்பது ஊழ்வினைக் கொள்கை. ‘எங்க சைடுல எல்லாம் ஓகே’ என்பது நெட்வொர்க் பிரிவினரின் அத்வைதம். தம் சைடைத் தவிர இன்னொன்று இல்லை என்பதே அதன் சாரம். நெட் வருகிறதா என்று மூவரும் ஆராய்ந்தனர். யாருக்கு வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

கட்டுப்பாட்டுச் சோதனை: மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்ததும் அப்டேட் மளமளவென்று இறங்கியது. கணினி நிரபராதி என்பது நிறுவப்பட்டது. ஹாட்ஸ்பாட் போட்டவர் அலுவலக விதியை மீறியவர் என்பதும் உடன் நிறுவப்பட்டது.

கண்டடைவு 1: பிரௌசர் உங்கள் பெயரில் ஓடுகிறது, அலுவலக நெட்டின் இடைத்தரகரான ப்ராக்ஸி கேட்டால் உங்கள் பாஸ்வேர்டைக் காட்டும். விண்டோஸ் அப்டேட்டோ சிஸ்டம் கணக்கில் ஓடும் சேவை. அது நம்பியிருப்பது வின்எச்டிடிபி என்னும் தனி அமைப்பை. ‘நெட்ஷ் வின்எச்டிடிபி ஷோ ப்ராக்ஸி’ என்று அடித்தால், ப்ராக்ஸியே கிடையாது, நேரடி இணைப்புதான் என்று சாதிக்கும். ப்ராக்ஸியின் முகவரியைக் கொடுத்தாலும் ‘நீ யார்?’ என்ற கேள்வி 407 என்ற எண்ணில் வந்து நிற்கும். 401 கேட்பது இணையதளம். 407 கேட்பது நடுவில் நிற்கும் ப்ராக்ஸி. 1997-இல் எச்டிடிபி 1.1 தரத்தோடு பிறந்த கேள்வி இது.

கண்டடைவு 2: உபுண்டுவில் ப்ராக்ஸி முகவரியைச் சூழல் மாறிகளில் எக்ஸ்போர்ட் செய்துவிட்டு ‘சுடோ ஆப்ட் அப்டேட்’ அடிப்போர் ஏராளம். சுடோ வழக்கமாக அந்த மாறிகளைக் கழற்றிவிட்டே ரூட்டாக மாறும். ஆப்ட்டின் சொந்த அமைப்புக் கோப்பில் எழுதினால்தான் நிலைக்கும்.

கண்டடைவு 3: அப்படி எழுதும் முகவரியில் பாஸ்வேர்டு முடிந்து சர்வர் தொடங்கும் இடத்தைக் காட்டுவது ‘@’. பாஸ்வேர்டுக்குள்ளும் ‘@’ இருந்தால் குழப்பம்தான்; அதை ‘%40’ என்று எழுதவேண்டும். பாஸ்வேர்டில் சிறப்புக் குறி கட்டாயம் என்று சுற்றறிக்கை விட்டதும் அதே அலுவலகம்தான்.

மேலாய்வுக்குரியது: பாஸ்வேர்டை மாற்றியபின், கோப்பில் கிடக்கும் பழையதையே அப்டேட் விடாமல் நீட்டும். கணக்கு லாக் ஆகும். அதைத் திறக்க டிக்கெட் போடவேண்டும். டிக்கெட் போட லாகின் செய்யவேண்டும்.