கியர்பாக்ஸுக்குக் காய்ச்சல்

அமெரிக்காவில் கார் வைத்திருப்பவனிடம் யாரும் காரை இரவல் கேட்பதில்லை. பிக்கப் வைத்திருப்பவனிடம் வண்டியை மட்டுமல்ல, டிரைவரையும் சேர்த்தே கேட்கிறார்கள். வீடு மாறுகிறவருக்கு சோபா ஏற்ற வேண்டும். பொங்கல் விழாவுக்கு அண்டா, மடக்கு நாற்காலி, மைக் செட் எல்லாம் மண்டபத்துக்குப் போக வேண்டும். ஃபீனிக்ஸ் பக்கத்துத் தமிழர்களின் செல்போனில் என் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று ஒருமுறை தற்செயலாகப் பார்த்தேன். 'பிக்கப் அண்ணா' என்று இருந்தது. அப்பா அம்மா வைத்த பெயரை ஒரு வாகனம் விழுங்கிவிட்டது.

இதெல்லாம் உள்ளூர் வேலை, வண்டி தாங்கும். கோடை வந்தால்தான் வினை. 2023-ல் ஜூன் 30 தொடங்கி ஜூலை 30 வரை, 31 நாள் ஒரு நாள்கூட விடாமல், ஃபீனிக்ஸின் பகல் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. செல்சியஸில் 43-க்கு மேல். நம் ஊர் அக்னி நட்சத்திரத்துக்காவது பஞ்சாங்கத்தில் முடிவு தேதி உண்டு. இங்கே அது கிரீன் கார்டு வாங்கிக் குடியேறிவிட்டது.

அதனால் சனிக்கிழமை ஆனால் ஊரே வடக்கே ஃபிளாக்ஸ்டாஃபுக்கு ஓடும். ஃபீனிக்ஸ் ஏறத்தாழ 1,100 அடி உயரம், ஃபிளாக்ஸ்டாஃப் 6,900 அடி. பைன் மரம், குளிர் காற்று, நம் கொடைக்கானல் உயரம். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து, படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளே வைத்த ட்ரெய்லர் ஒன்றை வாடகைக்கு எடுப்பார்கள். எடை சுமார் 5,000 பவுண்டு, இரண்டே கால் டன். அதை யார் இழுப்பது? அண்ணாதான்.

போகிற பாதை ஐ-17 நெடுஞ்சாலை. பிளாக் கேன்யன் சிட்டியைத் தாண்டியதும் சன்செட் பாயின்ட் வரைக்கும் சாலை மூச்சு விடாமல் ஏறும். அங்கே அரசாங்கம் ஒரு பலகை வைத்திருக்கிறது: எஞ்சின் சூடாகாமல் இருக்க ஏசியை அணைத்துவிடவும். வெளியே 110 டிகிரி. உள்ளே பின்சீட்டில் பிள்ளைகள். நடுவில் மனைவி. அந்தப் பலகையை மதித்து ஏசியை அணைக்கும் துணிச்சல் உள்ள தமிழனை நான் இன்னும் சந்திக்கவில்லை.

என் வண்டி 2006-ல் வந்தது, நான்கு கியர் ஆட்டோமேட்டிக். முதலில் வாங்கிய மகராசன் நூற்றுக்கணக்கான டாலர் மிச்சம் என்று, கியர் ஆயிலுக்குத் தனிக் கூலர் அடங்கிய டோயிங் பேக்கேஜ் வேண்டாம் என்றிருக்கிறான். கொக்கி மட்டும் பிறகு யாரோ மாட்டியது. அதாவது இழுக்கச் சொல்லும் உறுப்பு உண்டு, இழுத்தால் தாங்குகிற உறுப்பு இல்லை. இந்த லட்சணம் எனக்குத் தெரியவந்ததே ப்ளூடூத் கருவி ஒன்றை வாங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் சொருகிய பிறகுதான். 1996-க்குப் பிறகு அமெரிக்காவில் விற்ற எல்லா கார், பிக்கப்பிலும் அந்த சாக்கெட் கட்டாயம். போனில் கியர் ஆயில் சூடு தெரிந்தது. மலை ஏற ஏற எண்ணும் ஏறியது. 200, 215, 230.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்தார்.

"இருநூத்து முப்பதா? தண்ணியே நூறுல கொதிக்கும், இது வெடிக்கப் போவுது கண்ணு. ஓரங்கட்டு!"

ஃபாரன்ஹீட்டில் 230 என்றால் செல்சியஸில் 110 என்று விளக்கினேன். "அப்பவும் நூறுக்கு மேலதான?" என்றார். பதில் இல்லை.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நாமக்கல்லில் லாரி ஓட்டி, பிறகு சொந்தமாக லாரி வைத்து, நேஷனல் பர்மிட்டில் இந்தியா முழுக்கப் போய் வந்தவர். விசிட்டர் விசாவில் ஆறு மாதம் வந்திருக்கிறார். ஆட்டோமேட்டிக் வண்டி அவருக்கு ஆகாது. கிளட்ச் இல்லாத வண்டியில் இடது கால் எதற்கு என்பது அவர் கட்சி. வந்த நாளிலிருந்து அந்தக் காலுக்கு வேலை தேடிக்கொண்டிருந்தார். இந்தக் காய்ச்சல் விவகாரம் கிடைத்ததும் முழு உடம்புக்கும் வேலை கிடைத்துவிட்டது.

ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச் இருக்கும் இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. ஒரு கூட்டுக்குள் எதிரெதிராக இரண்டு இலைச் சக்கரம், நடுவில் ஓட்டத்தைத் திருப்பிவிடச் சின்னதாய் இன்னொன்று, சுற்றிலும் எண்ணெய். எஞ்சின் ஒரு சக்கரத்தைச் சுற்றும். அது எண்ணெயை வீசும். வீசிய எண்ணெய் மறு சக்கரத்தைச் சுற்றும். இரண்டுக்கும் இடையே இரும்புப் பிடி கிடையாது. ஆகவே முதல் சக்கரம் சுற்றுகிற அளவுக்கு இரண்டாவது சுற்றாது. அந்தத் துண்டு விழுகிற பாக்கி முழுக்க எண்ணெயில் சூடாகச் சேரும். சமதரையில் சீராகப் போகும்போது உள்ளே ஒரு பூட்டு விழுந்து இரண்டையும் இணைத்துவிடும், சூடு குறையும். மேட்டில் பாரம் இழுக்கும்போது பூட்டு கழன்றுகொள்ளும். வேண்டிய நேரத்தில் கழன்றுகொள்ளும் குணம் சில ஒறம்பரைகளுக்கும் உண்டு என்றார் அப்பா. எந்த ஒறம்பரை என்று நான் கேட்கவில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டார். ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர், 1905-ல், கப்பலுக்காகச் செய்தார் என்றேன்.

"கப்பலுக்கா? சரியாத்தான் செஞ்சிருக்கறான். அதச் சுத்தி கடலே இருக்குது. அதக் கொண்டாந்து பாலைவனத்துல ஓட்டுனா?"

மெக்கானிக் ஷெட்களில் ஒரு கணக்கு புழங்குகிறது. கியர் ஆயில் 175 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருந்தால் பெட்டி லட்சம் மைல் ஓடும். அதற்கு மேல் 20 டிகிரி ஏறும்போதெல்லாம் ஆயுசு பாதி. 195-ல் ஐம்பதாயிரம், 215-ல் இருபத்தைந்தாயிரம், 235-ல் பன்னிரண்டாயிரம் சொச்சம். கைக்கணக்குதான், ஆனால் போகிற திசை சரி. பெட்டியை இறக்கிப் பிரித்துக் கட்ட மூவாயிரம் நாலாயிரம் டாலர் ஆகும். அப்பா மனசுக்குள் எண்பத்தைந்தால் பெருக்கிவிட்டு, சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திக் கை கழுவினார்.

கம்பெனி கூலரே வைக்கவில்லையா என்றால், வைத்திருக்கிறது, ரேடியேட்டருக்குள்ளேயே. ரேடியேட்டரின் பக்கவாட்டுத் தொட்டிக்குள் ஒரு குழாய், அதற்குள் கியர் ஆயில், வெளியே எஞ்சின் தண்ணீர். எஞ்சின் தண்ணீரையே தெர்மோஸ்டாட் 195 டிகிரி வாக்கில்தான் வைத்திருக்கும்.

"வேர்த்து வந்தவன வெந்நியில குளிப்பாட்டறானா?" என்றார் அப்பா.

அதிலும் நியாயம் உண்டு. குளிர் நாட்டில் காலையில் உறைந்து கிடக்கும் எண்ணெயை அதே வெந்நீர் சீக்கிரம் சூடாக்கி இளக்கிவிடும். கம்பெனிக்காரன் மிச்சிகனில் உட்கார்ந்து யோசித்தது. ஃபீனிக்ஸில் அந்தச் சலுகை நமக்குத் தேவைப்படுவதில்லை. அந்தக் குழாய் உள்ளே ஓட்டை விழுந்தால் தண்ணீரும் எண்ணெயும் கலந்து ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் நிறத்தில் கியர்பாக்ஸுக்குள் போகும். 2005 முதல் 2010 வரை வந்த நிஸான் ஃப்ரன்டியர், எக்ஸ்டெர்ரா வண்டிகளின் சொந்தக்காரர்கள் இதனால் பட்ட பாடு நீதிமன்றம் வரை போனது. அந்தப் பயத்தில் சிலர் ரேடியேட்டரை விட்டே குழாயைப் பிடுங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஃபிளாக்ஸ்டாஃபில் பனி பெய்யும்போதும் போகிறோமே.

ரேடியேட்டரில் இருப்பது இருக்கட்டும், கூடவே தனிக் கூலர் ஒன்று மாட்டுவது என்று முடிவானது. கூலரில் மூன்று ரகம். வளைந்து வளைந்து போகும் ஒற்றைக் குழாயில் தகடு கோத்தது மலிவு. தட்டையான தட்டுகளுக்கு நடுவே தகடு வைத்தது இரண்டாவது. தட்டுகளை அடுக்கி எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் எண்ணெய் பாயும் அடுக்குத் தட்டு ரகம் மூன்றாவது. அதே அளவில் அதிகம் குளிர வைப்பது அதுதான். அதையே வாங்கினோம், மொத்தமாக நூறு நூற்றைம்பது டாலருக்குள் முடிந்தது. பார்சலைப் பிரித்ததும் அப்பா கூலரைக் கையில் தூக்கிப் பார்த்து, "இத்தூண்டு சாமானமா?" என்றார். பிறகு உள்ளே இருந்த பிளாஸ்டிக் ஊசிகளை எடுத்தார். ஏசி கண்டன்சரின் தகடுகளுக்கு நடுவே அவற்றைக் குத்தி, மறுபக்கம் இழுத்து, கூலரை அதிலேயே தொங்கவிடச் சொல்லியிருந்தது. அப்பா ஊசிகளை ஒரு வார்த்தை பேசாமல் குப்பைத்தொட்டியில் போட்டார். நாமக்கல்லில் பாடி கட்டுகிறவர்களோடு பழகியவர். ஹோம் டிப்போவில் இரும்புப் பட்டை வாங்க வைத்து, அறுத்து, ஓட்டை போட்டு, வண்டியின் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டு நிறுத்தினார். கூலருக்கும் கண்டன்சருக்கும் உரசாமல் இடைவெளி. இன்றைக்கு அந்தப் பட்டையைப் பிடித்து வண்டியையே தூக்கலாம்.

ரேடியேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்புகிற குழாயில்தான் கூலரை இணைக்க வேண்டும். இரண்டு குழாயில் எது திரும்புகிறது? படம் தேடி நான் போனை எடுப்பதற்குள் அப்பா எஞ்சினைப் போடச் சொன்னார். லாரி டிரைவர்கள் டீக்கடையில் நிறுத்தியதும் புறங்கையை வீல் டிரம் பக்கம் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார்களே, அதே புறங்கை. ஒரு குழாய், மறு குழாய், மறுபடி முதல் குழாய். "இது போறது. இது வர்றது." முதலில் சுடுவது போகிற குழாய். படமும் பிறகு அதையே சொன்னது.

ரப்பர் குழாயில் மட்டும் ஏமாறக் கூடாது. பெட்ரோல் ஹோஸ் பார்க்க அதே மாதிரி இருக்கும், விலையும் குறைவு, ஆனால் சுடுகிற கியர் ஆயிலில் நாளாக ஆக இறுகி வெடிப்பு விடும். ட்ரான்ஸ்மிஷன் கூலர் ஹோஸ் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும். இரும்புக் குழாய் முனையைச் சற்றுப் புடைக்க வைத்து, ஹோஸை ஏற்றி, கிளிப்பை முடுக்கினோம். ஒன்று போதும் என்றேன். அப்பா இரண்டு போட்டார்.

எண்ணெய் அளவு பார்ப்பதில்தான் பெரிய சண்டை. எஞ்சின் ஆயிலை எஞ்சினை அணைத்துப் பார்க்க வேண்டும். என் வண்டியில் கியர் ஆயிலை எஞ்சின் ஓடும்போது, சூடானபின், பார்க்கில் வைத்துப் பார்க்க வேண்டும். "ஓடற வண்டியில குச்சிய உட்டுப் பாக்கறதா?" என்று அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. கையேட்டை எடுத்துப் படித்துக் காட்டினேன். கையேட்டையே தப்பாக அடித்துவிட்டார்கள் என்றார்.

மறுநாள் மரிகோபாவில் இருக்கும் மகாகணபதி கோயிலில் வண்டிக்குப் பூஜை. டயருக்கு அடியில் எலுமிச்சை வரை சரி. அப்பா கிரில் முழுவதையும் மறைத்து லாரிக்குப் போடுகிற கனத்தில் மாலை ஒன்றைக் கட்டினார். நாங்கள் காசு கொடுத்து வாங்கிய காற்று முழுவதும் சாமந்திக்குப் போனது. வழியில் பெட்ரோல் பங்க்கில் அவர் பாத்ரூம் போன சமயம் மாலையைக் கழற்றிப் பின்னால் ட்ரெய்லர் கொக்கிக்குப் போட்டேன். பாரம் தாங்குவது அதுதானே.

அடுத்த முறை அதே ட்ரெய்லர், அதே ஏற்றம். போன் 195-ல் நின்று, சன்செட் பாயின்ட்டில் 200 காட்டிவிட்டு இறங்கியது. அப்பா எண்ணைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், "பரவால்ல" என்றார். நாமக்கல் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

புகார் பின்சீட்டிலிருந்து வந்தது. கூலர் இருப்பது ஏசி கண்டன்சருக்கு முன்னால். கூலர் கக்கும் சூட்டுக் காற்றுதான் கண்டன்சருக்கு மூச்சு. வண்டி மெதுவாக ஏறும்போது ஏசியின் குளிர்ச்சி கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

"ஏங்க, பெட்டிக்குக் குளுகுளு, பெத்த பிள்ளைகளுக்குப் புழுக்கமா?"

"பலகையப் பாத்து அமத்திப்போட்டா அந்தக் கவலையும் இல்ல அம்மிணி" என்றார் அப்பா. ஃபிளாக்ஸ்டாஃப் வரும் வரை வண்டிக்குள் வேறு விதமான குளிர்ச்சி நிலவியது.

ட்ரெய்லர் இழுக்கிற ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்கள் கிரில்லுக்குள் டார்ச் அடித்து, தனியாகக் கூலர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லாவிட்டால் ஒன்று வாங்கி மாட்டுங்கள், ஊசியில் அல்ல, பட்டையில். மாட்டியதை வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீர்கள். நான் போட்டேன். அடுத்த கோடை வரை எல்லாச் சனிக்கிழமையும் புக்காகிவிட்டது.