புளிப்பை நம்பிய வீடு

தொண்ணூறுகளில் மலேசியாவின் ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுக்கு வைட்டமின் சி என்றால் புளிப்பு. சளி பிடித்தாலும் எலுமிச்சை, ஈறு வலித்தாலும் எலுமிச்சை. மார்க்கெட்டில் அசாம் போய் என்கிற உலர்ந்த பிளம் பழத்தின் பொடி தூவி விற்ற கொய்யா வெறும் கொறிக்கிற பண்டம்.

படிவம் 4 உயிரியல் ஆய்வகத்தில் அந்த நம்பிக்கை உடைந்தது. குழாயில் 1 மில்லிலிட்டர் டிசிபிஐபி, வைட்டமின் சி பட்டால் நிறமிழக்கும் சாயம், கருநீலமாக. ஊசிமுனையை அதற்குள் அமிழ்த்திச் சாற்றைத் துளித்துளியாக விடவேண்டும். குலுக்கக் கூடாது; காற்று கலந்தால் போன நிறம் திரும்பிவிடும். நீலம் முதலில் இளஞ்சிவப்பாகும், பிறகு அதுவும் மறையும். அந்தத் துளியோடு நிறுத்த வேண்டும். மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி, கரைந்த நீர் 1 மில்லிலிட்டர் செலவாகிற இடத்தில் பழச்சாறு 2 மில்லிலிட்டர் செலவானால், சாற்றில் அதில் பாதி. ஆரஞ்சு ஏறக்குறைய அவ்வளவுதான். எலுமிச்சைக்கு 3 மில்லிலிட்டரும் போதவில்லை. கொய்யாவோ தொடங்கியதுமே நீலத்தை அழித்துவிட்டது! 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். எலுமிச்சையில் 30 வந்தாலே அதிகம். நாக்கைக் கூசவைப்பது சிட்ரிக் அமிலம். அதற்கும் வைட்டமின் சி-க்கும் சம்பந்தமில்லை. பிரிட்டிஷ் கடற்படையும் புளிப்பை நம்பித்தான் லெமனை விட்டு மேற்கிந்தியத் தீவுகளின் லைமுக்கு மாறியது. 1875இல் கிளம்பிய அதன் ஆர்க்டிக் பயணத்தில், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி மறுபடி வந்தது.

அண்ணன் மகள் இன்று புளிப்பை நம்புவதில்லை, பழச்சாற்றுப் பெட்டியை நம்புகிறாள். "இதுல வைட்டமின் சி நெறைய இருக்கு சித்தப்பா, போட்டிருக்கு பாருங்க." பார்த்தேன். சேர்மானங்களில் அஸ்கார்பிக் அமிலம் தனியாக இருக்கிறது. பழம் தந்தது எது, ஆலை சேர்த்தது எது என்று டிசிபிஐபி பிரித்துச் சொல்லாது. இரண்டும் ஒரே பொருள். பெட்டிச்சாறு, பிழிந்து நேரமான ஆரஞ்சை வெல்லவும் கூடும். அதில் பொய் ஏதுமில்லை. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை வைத்துப் பழத்தை எடைபோட முடியாது. அளக்காமல் நம்புவது மட்டும் எங்கள் வீட்டில் மாறவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அளப்பது இப்போது இன்னும் எளிது. 100 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையை 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால் ஆய்வகத்தில் வைத்திருந்த அதே கரைசல். அதிலும் வடிகட்டிய சாற்றிலும் தனித்தனியே கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் ஊற்றி, மருந்துக்கடை அயோடினைத் துளித்துளியாக விடலாம். வைட்டமின் தீர்ந்ததும் கருநீலம் நிற்கும். அவளுக்குப் பிடித்த சிவப்பு டிராகன் பழம் இதற்கு ஆகாது, நிறமாற்றம் கண்ணுக்குப் படாது. கொய்யாவும் பெட்டிச்சாறும் வாங்கி வைத்திருக்கிறேன். துளிகளை அவளே எண்ணட்டும்.