நாற்காலியிலிருந்து இறக்குவது யார்? (கேள்வி-பதில்)

இந்த முறை கேள்விகள் கீழப்பாவூரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும்.

அண்ணாச்சி, பக்கத்துக் கிராமத்தில் தலைவருக்கே நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். எங்கள் பேரூராட்சியில் கவுன்சிலருக்கு மட்டும்தான். நாங்கள் என்ன பாவம் செய்தோம்?
*(கடைக்காரர் ஒருவர், கீழப்பாவூர்)*

பாவம் ஒன்றும் இல்லை, சட்டம்தான் வேறு. கீழப்பாவூர் என்ற பெயரில் ஒரு பேரூராட்சி இருக்கிறது, ஓர் ஊராட்சி ஒன்றியமும் இருக்கிறது. 2021 அக்டோபரில் ஒன்றியத்துக் கிராமத்துக்காரர் கையில் நான்கு வாக்குச்சீட்டு கொடுத்தார்கள். இளஞ்சிவப்பு ஊராட்சித் தலைவருக்கு, பச்சை ஒன்றியக் கவுன்சிலருக்கு, மஞ்சள் மாவட்டக் கவுன்சிலருக்கு, இன்னொன்று வார்டு உறுப்பினருக்கு. ஒன்றியத் தலைவருக்கென்று சீட்டே கிடையாது. அவரைக் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். 2022 பிப்ரவரி 19-ல் உங்களுக்குக் கிடைத்தது ஒரே ஓட்டு. மார்ச் 4-ல் கவுன்சிலர்கள் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஒன்றியத் தலைவரை உறுப்பினர்கள் தங்களுக்குள்ளிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்லிவிட்டது. ஊராட்சி, பேரூராட்சித் தலைவர்கள் விஷயத்தை மாநிலச் சட்டமன்றத்தின் கையில் விட்டுவிட்டது. அதனால்தான் 1996-லும் 2001-லும் பேரூராட்சித் தலைவருக்கு நீங்களே ஓட்டுப் போட்டீர்கள். 2006-ல் அந்த உரிமை கவுன்சிலர்களிடம் போனது. 2011-ல் உங்களிடம் திரும்பி வந்தது. 2022-ல் மறுபடியும் போய்விட்டது. ஒரு தடவைகூட ஊரைக் கேட்டு மாற்றவில்லை. கோட்டையில் ஒரு திருத்தம், கீழப்பாவூரில் ஓர் ஓட்டு காலி. இது சரியில்லை என்பதே என் கட்சி. எந்த முறை என்பதை ஒரு தடவை தீர யோசித்து முடிவு செய்து, பிறகு அதில் கை வைக்காமல் இருக்க வேண்டும்.

நேரடித் தேர்தல், மறைமுகத் தேர்தல் இரண்டில் எது உசத்தி?
*(கல்லூரி மாணவி, குற்றாலம்)*

உட்கார வைப்பது யார் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாதே தங்கச்சி, இறக்குவது யார் என்றும் கேள். ஆட்சி எந்தப் பக்கம் பார்த்து நடக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

நம் மாவட்டத்திலேயே பார். சங்கரன்கோவில் நகராட்சியில் 30 வார்டு. 2022-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்த தலைவருக்கு எதிராக 2025 ஜூலையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. 28 பேர் ஆதரித்தார்கள், பதவி போயிற்று. டெல்லியில் பிரதமருக்கும் சென்னையில் முதல்வருக்கும் இதே விதிதான். சபையின் நம்பிக்கை உள்ளவரைதான் நாற்காலி.

சபை தேர்ந்தெடுக்காதவர் கதை வேறு. அமெரிக்க அதிபரை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் அசைக்க முடியாது. குற்றம் சாட்டி விசாரிக்க வேண்டும், செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இதுவரை மூன்று அதிபர்கள் மீது நான்கு முறை அந்த விசாரணை நடந்தது. யாரும் பதவி இழக்கவில்லை. 1868-ல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே ஓட்டில் தப்பினார்.

நம் ஊராட்சித் தலைவரும் சபை தேர்ந்தெடுத்தவர் அல்ல, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவர். ஆனால் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவுப்படி அவரைப் பதவி நீக்கும் அதிகாரம் கலெக்டரிடம் இருக்கிறது. விளக்கம் கேட்பார், தாசில்தார் கூட்டம் கூட்டி உறுப்பினர்களின் கருத்தை வாங்குவார், முடிவு கலெக்டருடையது. ஆயிரம் பேர் ஓட்டுப் போட்டு ஏற்றியவரை ஓர் அதிகாரி இறக்குவது எனக்குச் சம்மதமில்லை. தப்பு செய்தவர் இறங்கத்தான் வேண்டும். இறக்குவதும் அதே ஓட்டாக இருக்கட்டும்.

செங்கோட்டையைத் தமிழ்நாட்டோடு சேர்த்தது எந்தச் சட்டமன்றம்? திருவிதாங்கூரா, சென்னையா?
*(ஓய்வுபெற்ற ஆசிரியர், செங்கோட்டை)*

இரண்டும் இல்லை, சார். டெல்லி நாடாளுமன்றம். மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டப்படி 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை தாலுகாவின் ஒரு பகுதி திருநெல்வேலி மாவட்டத்துக்கு வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாயின. அரசியல் சட்டத்தின் 3-ஆவது பிரிவுப்படி மாநில எல்லையை மாற்ற அந்த மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை. 2014-ல் ஆந்திரச் சட்டமன்றம் வேண்டாம் என்றது, தெலங்கானா பிறந்தது. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தைப் பிரிக்க அதன் சட்டமன்றம் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

ஆனால் திருவிதாங்கூர்த் தமிழர் தலைவர் நேசமணியும் அவருடைய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸும் சட்டமன்றத்துக்குள்ளும் வெளியிலும் போராடாமல் இருந்திருந்தால் இந்த இணைப்பு நடந்திருக்காது. 1954 தேர்தலுக்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சி சபையைப் பாருங்கள்: 117 இடம். பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்குக் கிடைத்தது 19. அதை வைத்துக்கொண்டு பட்டம் தாணுப் பிள்ளை முதல்வரானார், காங்கிரஸ் வெளியே இருந்து தாங்கியதால். அந்த ஆண்டு ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் இணைப்புக் கேட்டுப் போராடிய தமிழர்கள் மீது போலீஸ் சுட்டது. ராஜினாமா செய்யுங்கள் என்று அவர் கட்சித் தலைவர்களில் ஒருவரான லோகியாவே கேட்டார், அவர் இறங்கவில்லை. 1955 பிப்ரவரியில் சபையில் பெரும்பான்மை போனது, அப்போது இறங்கினார். உயிர்ப்பலி அசைக்காத நாற்காலியைக் கணக்கு அசைத்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

கலெக்டர் தென்காசியில், எம்.பி. திருநெல்வேலிக்காரர். எங்களை ஏன் இப்படிப் பிய்த்து வைத்திருக்கிறார்கள்?
*(பீடி சுற்றும் பெண், ஆலங்குளம்)*

மாவட்டத்தைப் பிரிப்பது அரசாங்கம், தொகுதியை வரைவது மறுவரையறை ஆணையம். ஆலங்குளத்தை நெல்லை எம்.பி. தொகுதியில் ஆணையம் சேர்த்தது 2008-ல். தென்காசி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பரில். ஆணையத்தின் உத்தரவை எதிர்த்துப் பொதுவாகக் கோர்ட்டுக்கும் போக முடியாது. மனு எழுதும்போது விலாசத்தை மட்டும் பார்த்து எழுதுங்கள், தாயி.

ஒரே நேரத்தில் இரண்டு பிரதமர் இருக்க முடியுமா?
*(வாசகர், பாவூர்சத்திரம்)*

இலங்கையில் 2018-ல் நடந்ததே! அக்டோபர் 26-ல் அதிபர் சிறிசேன, பிரதமர் ரணில் விக்ரமசிங்கவை நீக்கிவிட்டு மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். ரணிலோ நாற்காலியை விடவில்லை. சபையில் கணக்கு சேரவில்லை என்றதும் சபையையே கலைத்தார். உறுப்பினர்கள் மிளகாய்ப்பொடி வீசுகிற அளவுக்குப் போயிற்று. டிசம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் கலைத்தது செல்லாது என்றது; ரணில் திரும்பினார். 2022-ல் அதிபர் கோத்தபய நாட்டைவிட்டு ஓடிய பிறகு, தன் கட்சியின் ஒரே எம்.பி.யாக இருந்த அதே ரணிலை 134 ஓட்டுப் போட்டு நாடாளுமன்றமே அதிபராக்கியது. சபைக்கும் அதிபருக்கும் எல்லைக்கோடு தெளிவாக இல்லாத நாட்டில் சமையலறைப் பொடிக்கும் வேலை வந்துவிடுகிறது.

1999-ல் வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. இதற்கு மாற்றே இல்லையா?
*(வழக்கறிஞர், தென்காசி)*

இருக்கிறது. ஜெர்மனியில் சான்சலரை, அதாவது அங்கத்திய பிரதமரை, இறக்க வேண்டும் என்றால் அடுத்தவர் யார் என்பதையும் அதே தீர்மானத்தில் சொல்லி, அவருக்குப் பெரும்பான்மை காட்ட வேண்டும். 1972-ல் முயன்று இரண்டு ஓட்டில் தோற்றார்கள். 1982-ல் ஹெல்மூட் கோல் ஜெயித்தார். வேறு எப்போதும் நடக்கவில்லை. 1999-ல் 270 பேர் வேண்டாம் என்று சொன்னார்கள். யார் வேண்டும் என்பதில் ஒன்றுசேர முடியவில்லை. நாடு தேர்தலுக்குப் போயிற்று.

எம்.எல்.ஏ., எம்.பி. ஆகாமல் ஒரு சபையில் நான் உட்கார முடியுமா?
*(விவசாயி, கீழப்பாவூர் ஒன்றியம்)*

கிராமத்தில் ஓட்டு இருந்தால் நீங்கள் ஏற்கெனவே உறுப்பினர்தான், அண்ணாச்சி. கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊரில் நூறு பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் மாகாணத்தில் மே மாதம் ஊரே மைதானத்தில் கூடி, கையைத் தூக்கிச் சட்டத்தையே நிறைவேற்றுகிறது. நம்மிடம் அவ்வளவு அதிகாரம் இல்லை. ஆனால் வரவு செலவை வாசிக்கச் சொல்லும் உரிமை இருக்கிறது. கூட்டம் முடிந்து வீட்டுக்கு நோட்டு வரும், கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள், போடாதீர்கள். நேரில் போங்கள், கணக்கை முழுக்க வாசிக்கச் சொல்லுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.