காப்புக் கட்டிய ஊர்

சிற்றூரின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் மிகப் பழையது காப்புக் கட்டு. அம்மன் கோயில் திருவிழாவுக்கு மஞ்சள் கயிறு கட்டியாகிவிட்டால், விழா முடியும்வரை உள்ளூர்க்காரர் வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்பது தமிழ்நாட்டில் பல ஊர்களின் கட்டுப்பாடு. எல்லா வீட்டிலும் ஆள் இருக்கும்படி செய்ய இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் விதியில் ஒரு சந்து உண்டு. ராத்திரி ஊருக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று அம்மன் சொல்லவில்லை. எனவே பூக்குழி இரவில் மொத்த ஊரும் கோயில் திடலில் நிற்கிறது. தெருவில் மிச்சம் இருப்பவை நாய்கள். பந்தி நடக்கும் இடம் தெரிந்த நாய்கள் அங்கேயும் இல்லை.

சாதாரண நாளில் தெருவைக் காப்பது திண்ணை. அங்கே உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குச் சம்பளமோ சீருடையோ இல்லை, நாலு கேள்விகள் மட்டும் உண்டு: யாரு, எந்த ஊரு, யாரு வீட்டுக்கு, என்ன விசேஷம். நல்ல எண்ணத்தோடு வந்த விருந்தாளியே மூன்றாவது கேள்வியில் உளறத் தொடங்குகிறார். திருட வந்தவனோ சொந்தபந்தம் ஒன்றைக் கற்பித்தாக வேண்டும்; கற்பித்தால் அந்தச் சொந்தத்தின் கல்யாணத்தில் பாட்டி பந்தி பரிமாறியிருப்பார். இதை வம்பு என்று ஏளனம் செய்பவர்கள் திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் பண்ணினார்கள். இப்போது காரைக் காக்க ஆள் தேடுகிறார்கள்.

பூட்டிய வீடு தன்னைத் தானே காட்டிக் கொடுக்கும். வாசலில் கோலம் இல்லை. பால் பாக்கெட் வெயிலில் வீங்கிக் கிடக்கிறது. முந்தாநாள் பேப்பர் கேட்டில் செருகியபடியே இருக்கிறது. ஆள் இருப்பதுபோல் தோன்றட்டும் என்று போட்டுவிட்டுப் போன தாழ்வார விளக்கு பகல் பன்னிரண்டு மணிக்கும் எரிகிறது. வெளியூர் போகிறவர்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போகும்படி போலீஸ் கேட்டுக்கொள்கிறது. ஊர்க்காரர்கள் அங்கே மட்டும் சொல்வதில்லை. டீக்கடையிலும் சலூனிலும் பஸ் ஸ்டாண்டிலும் சொல்கிறார்கள், திரும்பும் தேதி உட்பட.

இரவுக்குக் கூர்க்கா இருக்கிறார். கோலால் கம்பத்தைத் தட்டி, விசில் ஊதி, தாம் எந்தத் தெருவில் இருக்கிறோம் என்பதை அக்கறையுள்ள அனைவருக்கும் அறிவிக்கிறார். தெரு அவர் முகத்தைப் பார்ப்பது மாதத் தொடக்கத்தில், அவர் பணம் வாங்க வரும் பகலில். பழைய தென் மாவட்டக் குடிகாவலில் ஒப்பந்தம் கறாராக இருந்தது. ஊர் தானியமோ பணமோ அளக்கும். களவு போனால் காவல்காரர் பொருளை மீட்க வேண்டும் அல்லது ஈடு கட்ட வேண்டும். காணாமல் போன மாட்டைப் பற்றித் துப்புச் சொல்பவருக்குத் துப்புக்கூலி என்று தனி வரவும் இருந்தது. காவல்கூலி தராத ஊரில்தான் மாடு அதிகம் காணாமல் போகிறது என்று வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். காலப்போக்கில் கூலி நிலைத்தது, ஈடு கட்டும் ஷரத்து மட்டும் உதிர்ந்துவிட்டது.

மக்களையே துணைக்கு அழைக்கும் யோசனை போலீசுக்கும் வந்தது. 1993இல் ராமநாதபுரம் மாவட்டத்தில் போலீஸ் நண்பர்கள் குழு தொடங்கியது. சாத்தான்குளத்தில் தந்தை, மகன் காவல் மரண விவகாரத்துக்குப் பின் 2020இல் தமிழக அரசு அதைத் தடை செய்தது. அடுத்து வந்தது கேமரா. வசூல் செய்து தெருமுனையில் மாட்டிய கேமரா பெரும்பாலும் அதிகம் கொடுத்தவர் வீட்டு வாசலைப் பார்க்கிறது. அதில் இதுவரை துலங்கிய வழக்குகள், யார் வீட்டுக் குப்பை யார் வாசலில் விழுந்தது என்பதைப் பற்றியவை.

திருவிழா அன்று முழுப் பொறுப்பும் மைக் செட்டுக்கு. பச்சைச் சட்டை போட்ட குழந்தை மேடையருகே அழுகிறது. பெற்றோர் உடனே வரவும். பெண்கள் சங்கிலியை ரவிக்கையோடு ஊக்குப் போட்டுக்கொள்ளவும். கேட்டவுடன் எல்லாப் பெண்களின் கையும் கழுத்துக்குப் போகிறது. எந்தக் கழுத்தில் என்ன இருக்கிறது என்று அலைந்து பார்க்கும் வேலை, பார்க்க வந்தவனுக்கு மிச்சம். பறிப்பு என்பது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் 304ஆம் பிரிவாகத் தனிக் குற்றம் ஆகியிருக்கிறது. இந்தத் தகவலை மைக்கில் சொல்வதில்லை. அந்த நேரத்துக்கு நன்கொடையாளர் பட்டியல் இருக்கிறது.

மஞ்சள் நீராட்டு முடிந்து காப்பு அவிழ்ந்ததும் சென்னைக்காரர்களும் கோவைக்காரர்களும் மறுநாள் பஸ்ஸில் கிளம்புகிறார்கள். போகும் வழியில் ஒவ்வொருவரும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்ற குறிப்போடு, மிச்சமிருக்கும் ஒரே திண்ணையில் சாவியைக் கொடுக்கிறார்கள். பாட்டி எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கோத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிடுகிறார். எது எந்த வீட்டுச் சாவி என்பது பாட்டிக்கு மட்டுமே தெரியும். பாட்டிக்கு இரண்டு வருஷமாக மறதி.